பக்கத்து வீட்டுப் பெண் அடிபடும்போது அண்டை வீட்டார் என்ன செய்யலாம்?

கேள்வி: அடுத்த வீட்டுப் பெண்ணைக் கணவர் அடிப்பது எங்களுக்குக் கேட்கிறது. குடியிருப்போர் சங்கத்தார் குடும்ப விவகாரம் என்று ஒதுங்குகிறார்கள். நாங்கள் தகவல் கொடுத்தால் வழக்கில் சிக்குவோமா?

பதில் 1: சிக்கமாட்டீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி எவரும் இச்சட்டப்படி அரசு நியமித்துள்ள பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தருபவர்மீது வழக்குத் தொடர முடியாது. உயிருக்கு ஆபத்தென்றால் உடனே 112ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில், கணவர் வெளியே போயிருக்கும்போது உங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பெண்ணிடம் தனியே பேசி, அவர் விருப்பத்தை அறிந்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

பதில் 2: தயவுசெய்து சங்கக் கூட்டத்தில் இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள். அடித்தவர் எதிரில் அந்தப் பெண்ணால் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னாலோ இரவில் அதற்கும் சேர்த்து அடி விழும். அவருடைய ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஒரு மாற்று உடை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைத்திருக்க இடம் கொடுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் சொல்லுங்கள்.

பதில் 3: வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை அதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனைவிக்குத் தருகிறது. இதை அறியாமலேயே பலர் அடியைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.