புதுப்பிப்பு: ஸ்ட்ரோப் ட்யூனரில் கிட்டாரின் ஓபன் கம்பி நிற்கிறது, 12-ஆம் ஃப்ரெட் ஓடுகிறது

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆறு கம்பியையும் ஓபனாக, அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டி ஸ்ட்ரோப் ட்யூனரில் சுருதி சேர்ப்பதைப் போன முறை எழுதியிருந்தேன். அதன் திரையில் ஓடும் பட்டைகள் நின்றால் சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிச் சேர்த்த பிறகும் மேல் ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கார்டு, அதாவது ஒருசேர மீட்டும் சுரங்கள், பிசிறுகிறது என்றீர்கள். பார்க்க வேண்டிய இடம், கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள சேடில்; அதைத் திருகால் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

முதலில் புதுக் கம்பி போடுங்கள். பழைய கம்பியில் பட்டைகள் நிற்கவே நிற்காது. நெக் பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தக் கருவிகளில் நெக் பக்கம் உள்ளது), வால்யூம் முழுதாக, டோன் பூஜ்ஜியம். கிட்டாரை வாசிக்கும் நிலையிலேயே பிடித்து, 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் எடுத்து, கீயைத் திருப்பிப் பட்டையை நிறுத்துங்கள். அடுத்து அதே ஃப்ரெட்டை வழக்கமாக அழுத்தும் அளவுக்கு மட்டும் அழுத்தி மீட்டுங்கள். விரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். ஸ்ட்ரோப் அதையும் காட்டும்.

பெரும்பாலான ட்யூனர்களில் பட்டை வலப்பக்கம் ஓடினால் சுருதி கூடுதல்: சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். இடப்பக்கம் என்றால் முன்னால், நெக் பக்கம். திருகைத் தொடும் முன் கம்பியைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் ஓபன் கம்பியை மறுபடி சேர்க்காமல் அளந்தால் அந்த அளவு செல்லாது.

தடித்த ஈ கம்பியில் மட்டும் பட்டை முன்னும் பின்னும் தள்ளாடினால் சேடிலை விட்டுவிடுங்கள். பிக்கப்பின் காந்தம் கம்பியை இழுக்கிறது. பிக்கப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். கீயைத் திருப்பியும் பட்டை அசையாமல் இருந்து திடீரென்று தாவினால், கம்பி நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டில், சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு, எப்போதும் கீழிருந்து மேலேற்றியே சேருங்கள்.