கடுவன் கொறிக்கிறது, பெட்டை விழுங்குகிறது

கொட்டகலை அக்கா:
நேற்று பதுளை மாமா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. "கடுவன் பூனை எதைப் போட்டாலும் தின்னும், பெட்டைதான் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். என் வீட்டுக்கு வந்து பாருங்கள் மாமா. இரண்டு பூனை. கடுவன் கருப்பன். நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசி, தலை கிள்ளி, சோற்றோடு பிசைந்து வைத்தால் நெத்தலியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பான். பிறகு தட்டைச் சுற்றிக் காலால் பிறாண்டி மண் போட்டு மூடப் பார்ப்பான். சிமெந்துத் தரையில்! பெட்டை செவலை. அவளுக்கு வைத்ததும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. பூனை பிஸ்கட் டப்பாவை ஆட்டினால் கூரைத் தகரத்தில் இருந்தாலும் குதித்து வருவாள். கருப்பனோ அதே பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் வைப்பான், தின்னமாட்டான். அதையும் செவலையே முடிப்பாள். போன கிழமை டின்பால் மூடியைக்கூட விடவில்லை, வழித்து நக்கிவிட்டாள். இனிப்பென்றால் அவளுக்கு உயிர்.

பதுளை மாமா:
இனிப்பென்றால் உயிரா? நல்ல கதை. பூனைக்கு இனிப்பே தெரியாது மகள். இனிப்பை உணர வைக்கிற மரபணு ஒன்று பூனைக்குப் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். புலிக்கும் அதே கதிதான். அப்படியென்றால் உங்கள் பூனை டின்பால் மூடியை நக்கவில்லை. இரண்டாவது, செவலை என்றாலே கடுவன். வாலைத் தூக்கிப் பாருங்கள்.

பண்டாரவளை டீச்சர்:
மாமா சொன்ன மரபணு விஷயம் சரி. ஆனால் டின்பாலில் சீனி மட்டுமா இருக்கிறது? பால் கொழுப்பு இருக்கிறதே, அதற்காக நக்கியிருக்கும். செவலையில் ஐந்துக்கு ஒன்று பெட்டையாகப் பிறக்கும், அதிசயமில்லை. அக்கா, மூடியை இனி வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

பதுளை மாமா:
டீச்சர், வகுப்பு எடுக்க வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. மூடியை நக்கியதா, இல்லையா? கண்ணால் பார்த்தாரா?

கொட்டகலை அக்கா:
பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இப்போது கடுவன் கதைக்கு வாருங்கள். அதை அப்படியே விட்டுவிட்டீர்களே?

நுவரெலியா குளிர்:
ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. குளிர்தான் காரணம். பூனை நாக்கைவிட மூக்கைத்தான் நம்பும். ஆறிப்போன சாப்பாட்டில் வாசம் எழும்பாது, அதனால் தட்டைச் சீண்டாது. இங்கே தை மாதத்துக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும்போது நானும் இதைத்தான் பார்க்கிறேன். கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி வையுங்கள், கருப்பன் சோற்றையும் தின்பான். பதுளையில் இருப்பவர்களுக்கு இது புரியாது. அது மலைநாடு என்று சொல்லிக்கொள்கிற ஊர்.

பதுளை மாமா:
சொல்லிக்கொள்கிற ஊரா?

நுவரெலியா குளிர்:
எங்கள் ஊர் 1868 மீட்டர். உங்கள் ஊர் 680 சொச்சம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரவில் மின்விசிறி போடுகிறவர்கள் பூனையின் குளிரைப் பற்றிப் பேசக் கூடாது.

பதுளை மாமா:
மீட்டரில் நின்று பூனை தின்பதில்லை தம்பி. என் கடுவன் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்னும். காரத்தோடு தின்னும். அதுதான் கடுவன். இந்த அம்மாவின் கருப்பன் சொகுசுக்காரன் என்றால் அது வளர்த்தவர் தப்பு. மூடி விஷயத்துக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

பண்டாரவளை டீச்சர்:
ஐயோ மாமா, கட்டச் சம்பலா? அதில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயம் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இதைப் பெருமையாக எழுதுகிறீர்களே. அது மாசிக் கருவாட்டுக்காகத்தான் சம்பலில் வாய் வைத்திருக்கும். இறைச்சியும் மீனும் இல்லாமல் பூனையால் பிழைக்க முடியாது. டோரின் என்ற சத்தைத் தன் உடம்பிலேயே வேண்டிய அளவுக்கு உண்டாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. ரொட்டியில் அது ஏது?

பதுளை மாமா:
எட்டு வருடமாகத் தின்கிறது, எட்டு வருடமாக எலி பிடிக்கிறது.

கொட்டகலை அக்கா:
அப்படியா, எலியும் தின்கிறதா? அப்புறம் எதற்கு ரொட்டிக்குப் பெருமை?

அட்டன் தம்பி:
கொஞ்சம் பொறுங்கள். அந்தச் செவலைக் குட்டியை அக்காவுக்குக் கொடுத்ததே நான்தான். எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஒரே ஈற்றில் ஆறு குட்டி. ஒரு தட்டில் ஆறு தலை விழுந்தால் விழுங்கினவன் பிழைப்பான், மென்றவன் பட்டினி. அந்தப் பழக்கம்தான் இன்னும் போகவில்லை. கருப்பன் ஒற்றைக் குட்டியாக வளர்ந்தவன், அவனுக்கு என்ன அவசரம்? பூனை கொஞ்சம் கொஞ்சமாக, பகலும் இரவுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை தின்கிற பிராணி. அவன்தான் சரியான பூனை. இன்னொரு விஷயம் அக்கா. குட்டிக்குப் பதிலாக அரைக் கிலோ நெத்தலி என்று சொன்னீர்கள். இரண்டு வருடமாகிறது.

கொட்டகலை அக்கா:
இதை இங்கே எழுத வேண்டுமா தம்பி? நீங்கள் கொடுத்தபோது குட்டி உடம்பெல்லாம் தெள்ளு. மருந்துக்கு ஆன காசுக்கு ஒரு கிலோவே வாங்கியிருக்கலாம்.

அட்டன் தம்பி:
தெள்ளு இலவசம். நெத்தலிதான் பேச்சு.

பதுளை மாமா:
பேச்சை மாற்றாதீர்கள். மூடி.

நுவரெலியா குளிர்:
ரயில் பாதையும் பதுளையோடு முடிகிறது, மாமாவின் வாதமும் மூடியோடு முடிகிறது.

பதுளை மாமா:
உங்கள் ஊருக்கு ரயிலே இல்லை. நானுஓயாவில் இறங்கி பஸ் ஏறுகிறவர்கள் பேசுகிறார்கள்.

கொட்டகலை அக்கா:
சரி மாமா, உங்களுக்காகவே இன்றைக்கு ஒரு டின்பால் உடைத்தேன். டீச்சர், ஒரே தடவைதான், திட்டாதீர்கள். மூடியைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை ஓடி வந்தாள். அவள் வாய் வைப்பதற்குள் கருப்பன் மூடியையே கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டான். செவலையும் பின்னாலேயே போனாள். நக்குகிற சத்தம் கேட்கிறது. டார்ச் இல்லை.

பதுளை மாமா:
எந்தப் பூனை நக்குகிறது?

அட்டன் தம்பி:
டின்பாலுக்குக் காசு இருக்கிறது.