மறுமொழி: பிரேக்கில் போடும் கிரீசுக்குத் தமிழ்ச்சொல் – ஒன்று போதாது

குழுவினருக்கு வணக்கம்.

இழையை முழுக்கப் படித்தேன். ‘பிரேக் கிரீஸ்’ என்பதற்குத் ‘தடை மசகு’ என்று ஒரே சொல்லாக, வண்டிப் பாகங்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம் என்ற இடத்தில் பேச்சு வந்து நிற்கிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். பிரேக்கில் போடும் கிரீஸ் என்று ஒரே பொருள் கிடையாது. குறைந்தது இரண்டு உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பிரேக்கே கெடும். பழைய வண்டி வைத்திருப்பவர் நம் பட்டியலைப் பார்த்துக் கடையில் போய்க் கேட்கப் போகிறார் என்ற நினைப்போடுதான் சொல்லை முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சக்கரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி, பிரேக் அமைப்பு கர்லிங் (Girling) நிறுவனத்துடையது. டிரம்மைக் கழற்றினால், பிரேக் திரவத்தின் அழுத்தத்தை வாங்கும் வீல் சிலிண்டர் தெரியும். அதில் பிஸ்டன் ஒன்றுதான். அந்தப் பிஸ்டன் ஒரு பக்கத்து ஷூவை, அதாவது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த கட்டையைத் தள்ளும். அதன் எதிர்விசையில் சிலிண்டரே பேக் பிளேட்டில் (இவை பொருத்தப்பட்டிருக்கும் தகடு) உள்ள நீள் துளையில் நகர்ந்து மறுபக்கத்து ஷூவைத் தள்ளும். ஆகவே சிலிண்டருக்கு உள்ளே பிஸ்டனோடு கப் வாஷர் வழுக்க வேண்டும், வெளியே உலோகத்தின் மேல் உலோகம் வழுக்க வேண்டும். உள்ளே இருப்பது ரப்பர். அதற்கு எதிரி, வாஷரை ஊத வைக்கும் எண்ணெய். வெளியே இருப்பது உலோகம். அதற்கு எதிரி துருவும் சூடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இருக்காது. ‘தடை மசகு’ என்று ஒரே டப்பாவைக் கையில் கொடுத்தால் இந்த இரண்டு இடத்தில் எதற்குப் போடுவது?

தெரிந்தவர் ஒருவரின் ஹெரால்டில் போன மழைக்காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பெடலை விட்ட பிறகும் பிரேக் விடவில்லை, டிரம் கொதித்தது. சிலிண்டரைப் பிரித்தால், முன்பு வேலை பார்த்தவர் கப் வாஷரில் பேரிங் கிரீசைத் தடவி மாட்டியிருந்தார். வாஷரின் கூரான விளிம்பு தடித்து வெளியே மடிந்திருந்தது. நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. புது வாஷரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சிலிண்டருக்குள் அது சிக்கிக்கொண்டதால்தான் பிஸ்டன் திரும்பவில்லை.

காரணம் எளியது. பேரிங் கிரீசில் இருப்பது கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலிய எண்ணெய். பழைய பிரேக் ரப்பர் இயற்கை ரப்பர். இப்போது வரும் மாற்று ரப்பர் கிட்டுகளில் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். இரண்டுமே கனிம எண்ணெயை உறிஞ்சி வீங்கும். வழக்கமாக ஊற்றும் கிளைக்கால் (glycol) வகை பிரேக் திரவமோ ஆமணக்கெண்ணெயோ இவற்றுக்குள் அப்படிப் புகுவதில்லை. சிவப்பு ரப்பர் கிரீஸ் தாவர எண்ணெயை, குறிப்பாக ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டு செய்யப்படுவது இதனால்தான்.

சரி, இழையில் மற்றவர்கள் எழுதிய முன்மொழிவுகளுக்கும் கேள்விகளுக்கும் வருகிறேன்.

> ‘சிவப்பு மசகு’ என்றே வைக்கலாமே, கடைக்காரருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கர்லிங்கின் பழைய வேலைக் குறிப்புகளில் நிறம் உதவியது. ஷூ முனைக்கும் உரசும் இரும்புக்கும் வெள்ளை, ரப்பருக்குச் சிவப்பு. வெள்ளை ரப்பரில் படக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு டப்பா என்பதால் குழப்பம் இல்லை. இன்று நம்மூர்க் கடையில் சிவப்பாக இருக்கும் கிரீசுகளில் பல, சூடு தாங்கும் பேரிங் கிரீஸ். நிறம் வெறும் சாயம்தான். இதைச் சொல்லாக்கினால், நான் மேலே சொன்ன வாஷரின் கதி இன்னும் பல வண்டிகளுக்கு வரும்.

> ‘கனிமமிலி மசகு’ என்றால் துல்லியம்.

ஹெரால்டுக்கும் அம்பாசடருக்கும் துல்லியம்தான். பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயனின் டி.எஸ். வண்டிக்கு? 1966-இல் அவர்கள் சிவப்புத் திரவத்தை விட்டுப் பச்சை நிற எல்.எச்.எம். திரவத்துக்கு மாறினார்கள். அது கனிம எண்ணெய். அதற்கேற்ப ரப்பரையும் மாற்றி, பாகங்களுக்குப் பச்சை வண்ணம் பூசிவிட்டார்கள், யாரும் மாற்றி ஊற்றிவிடக் கூடாது என்று. அந்த வண்டியில் ரப்பரை வீங்க வைக்காதது கனிம எண்ணெய்தான். ஆகவே எதனால் செய்தது என்று பெயர் வைத்தால் ஒரு வண்டியில் சரியாகவும் இன்னொரு வண்டியில் தவறாகவும் போகும். என்ன கேட்டைத் தடுக்கிறது என்று பெயர் வைத்தால் இரண்டிலும் நிற்கும்.

எனவே என் முன்மொழிவு: ரப்பர் கிரீசுக்கு ‘வீங்கா மசகு’, உலோகப் பாகங்களுக்குப் போடும் ஆன்டி-சீஸ் (anti-seize) வகைக்கு ‘இறுகா மசகு’. ஒன்று ரப்பர் வீங்காமல் காப்பது. மற்றது இரும்பு இறுகிப்போகாமல் காப்பது. பட்டறையிலும் ‘கப்பு வீங்கிடுச்சு’, ‘போல்ட் இறுகிப்போச்சு’ என்றுதான் பேசுகிறார்கள், அதனால் பொருள் உடனே பிடிபடும். ‘ஊதா மசகு’ என்று முதலில் நினைத்துப் பார்த்தேன், ஆனால் படிப்பவர் நிறம் என்றே எடுத்துக்கொள்வார்.

> ‘வாடா மலர்’ என்றால் வாடாதது மலர். அப்படியானால் ‘வீங்கா மசகு’ என்றால் வீங்காதது மசகுதானே?

நல்ல கேள்வி ஐயா. ஆனால் ‘வாடா’, ‘வீங்கா’ போன்ற எதிர்மறைப் பெயரெச்சம் எழுவாயை மட்டும்தான் தழுவும் என்பதில்லை. குறளின் ‘சாவா மருந்து’ சாகாத மருந்தல்ல. உண்டவர் சாகாமல் இருப்பதற்கான மருந்து. கருவிப் பொருளில் வருவது. ‘வீங்கா மசகு’, ‘இறுகா மசகு’ இரண்டும் அந்த வழியில் அமைந்தவை.

> ‘மசகு’ என்றாலே இங்கே மசகு எண்ணெய், அதாவது கச்சா எண்ணெய். யாழ்ப்பாணத்தில் செய்தி கேட்பவருக்கு இது குழப்பும்.

இந்தக் கவலை நியாயமானது. தமிழ்நாட்டில் கச்சா எண்ணெய் என்பதை இலங்கைச் செய்திகள் மசகு எண்ணெய் என்கின்றன. நான் ‘எண்ணெய்’ சேர்க்காமல் ‘மசகு’ என்று மட்டும் சொல்வது அதனால்தான். மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட மையை மசகு என்று சொல்வது இரு கரையிலும் பழைய வழக்கு. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். எண்ணெய் ஒழுகிப் போகாமல் கரி பிடித்து வைக்கும். இன்றைய கிரீசிலும் அதே ஏற்பாடுதான்; கரிக்குப் பதில் லித்தியம் சோப்போ களிமண்ணோ எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. ‘பசை’ என்று சொன்னால் ஒட்டுவதற்கு என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு அது வேண்டாம்.

ஆமணக்கைப் பற்றி இன்னொன்று. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. தொடக்ககால பிரேக் திரவங்களும் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தவை. நம் வண்டி மசகும் அந்தச் சிவப்பு டப்பாவும் ஒரே கொட்டைமுத்தில், அதாவது ஆமணக்கு விதையில் போய் நிற்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

பயன்பாட்டுக் குறிப்பைச் சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. வீங்கா மசகு கப் வாஷரிலும், டஸ்ட் கவரின் உள்விளிம்பிலும், பிஸ்டனைக் கோக்கும்போது சிலிண்டர் சுவரிலும் மெல்லியதாக. சிலிக்கோன் மசகும் வீங்கா வகைதான், சூட்டையும் நன்றாகத் தாங்கும். டிஸ்க் பிரேக்கின் ஸ்லைடு பின்னுக்கு மிகப் பொருத்தம். ஆனால் கிளைக்கால் திரவத்தோடு கலக்காது என்பதால் சிலிண்டருக்குள் போக வேண்டாம். இறுகா மசகு, அதாவது செம்புத்தூளோ செராமிக் தூளோ கலந்தது, ஷூ உரசும் மேடுகளிலும் அட்ஜஸ்டர் மரையிலும் விரல் நுனி அளவு மட்டும். கூடுதலாக அப்பினால் சூட்டில் இளகி, ஷூவில் டிரம்மோடு உரசும் லைனிங்கில் இறங்கும். பேக் பிளேட்டின் நீள் துளைக்குச் செராமிக் வகை நல்லது. பக்கத்திலேயே ரப்பர் பூட் இருப்பதால் அங்கே எண்ணெய் கசியக் கூடாது. பேரிங் கிரீசுக்குப் புதுச்சொல் தேவையா என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘பேரிங் மசகு’ போதும்.

இன்னொரு சொல்லையும் இதே சமயத்தில் திருத்திவிடலாம். ‘பிரேக் ஆயில்’. இன்று நம் வண்டிகளில் ஊற்றுவது ஆயிலே இல்லை. ஆயில் என்ற பெயரை நம்பி அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை அத்தனை ரப்பரையும் மாற்ற வேண்டிவரும். பட்டியலில் ‘பிரேக் திரவம்’ என்று போட்டு, ‘ஆயில்’ என்ற வழக்கு பிழையானது என்று அதே வரியில் எழுத வேண்டும்.

டிஸ்க் பேடின் முதுகில் கிறீச்சொலி வராமல் இருக்கப் பூசுவதற்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. அது வழுக்குவதற்காகப் பூசுவது அல்ல, அதிர்வை உறிஞ்சுவதற்காக. எனவே மசகு என்று சொல்ல மனம் வரவில்லை. இழையில் ஒருவர் ‘கீச்சடக்கி’ என்றார். எனக்குப் பிடித்திருக்கிறது. டிஸ்க் வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்து, அவர் வாயில் அது எளிதாக வருகிறதா என்று எழுதுங்கள்.