ஆள் குடியிருக்கிற புரையிடம் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

மேக்காட்டுவிளை:
களியக்காவிளைக்குப் பக்கத்தில் 14 சென்ட் புரையிடம். பழைய ஓட்டு வீடு, கிணறு, ஆறு தென்னை, ஒரு அயனி. அந்தப் பக்கம் சென்ட் 3 லட்சத்துக்குக் குறைந்து கிடையாது. இதைச் சென்ட் 1.25 லட்சத்துக்குத் தருகிறார்கள். வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது, இறங்க மாட்டோம் என்கிறது, அதனால்தான் இந்த விலை. உடமஸ்தர் 2012-ல் இறந்துவிட்டார். வாரிசுகள் மூன்று பேர். இரண்டு பேர் திருவனந்தபுரத்தில், ஒருவர் துபாயில். 2008-ல் வீட்டை நோக்கிக்கொள்ள அந்தக் குடும்பத்தை உள்ளே வைத்ததே பெரியவர்தான் என்கிறார்கள். 2014 முதல் வீட்டு வரி ரசீது குடியிருப்பவர் பேரில் வருகிறது. பட்டா இன்னும் பெரியவர் பேரில்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். கடையும் வீடும் சேர்த்துக் கட்ட எனக்கு இடம் வேண்டும். என் கையிருப்புக்கு ரோட்டோரத்தில் வேறு இடம் கிடைக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோதையாறு:
யோசிக்காம வாங்குங்க அண்ணே. பட்டா பெரியவர் பேர்ல இருக்கு, வாரிசு மூணு பேரும் கையெழுத்துப் போடுறாங்க. வேற என்ன வேணும்? பத்திரம் முடிஞ்ச மறுநாள் பத்து பேரோட போய் ஓட்டைப் பிரிச்சு இறக்குங்க. நம்ம சொத்துக்குள்ள போக நமக்கு யாரு அனுமதி தரணும்? பன்னிரண்டு வருஷம் கேஸ் நடத்துறவனுக்குத்தான் நஷ்டம்.

குழித்துறை வாய்தா:
தம்பி கோதையாறு, இதே யோசனையைக் கேட்டுத்தான் எங்கள் சித்தப்பா நொடிந்து போனார். ஆள் வைத்து ஒரு குடும்பத்தை இறக்கினார். அவர்கள் நேராகக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1963-ஆம் வருடத்துக் குறித்தவகைத் தீர்வு சட்டத்தில் 6-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இடத்தை அனுபவத்தில் வைத்திருந்தவனைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் அவன் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்ப வாங்கலாம். சொத்து யாருடையது என்று அந்த வழக்கில் பார்க்கவே மாட்டார்கள். சொந்தக்காரனே இறக்கியிருந்தாலும் அப்படித்தான். சித்தப்பா அவர்களைத் திரும்ப உள்ளே ஏற்றிவிட்டு, கிரிமினல் கேசுக்கும் தனியாக அலைந்தார். நிலைத்த அனுபவத்தில் இருப்பவனை உண்மையான உடமஸ்தன்கூடக் கைப்பலத்தால் வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் ராமே கௌடா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மேக்காட்டுவிளை அண்ணாச்சி, வில்லங்கம் சுத்தம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது வராது. ஆனால் சட்டம் உங்களை விடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 3-ஆவது பிரிவின்படி, இடத்தில் ஒருவர் நேரடி அனுபவத்தில் இருந்தால் அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். எனக்குத் தெரியாது என்று பின்னால் நீங்கள் சொல்ல முடியாது.

பாறசாலைக்காரி:
எல்லாரும் "அவங்களை எப்படி இறக்குறது" என்றே பேசுகிறீர்கள். பதினேழு வருஷம் அந்த முற்றத்தைப் பெருக்கினவங்க யார்? ஓடு மாற்றியது யார்? பெரியவர் கூப்பிட்டு வைத்தவர்களை ஆக்கிரமிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் கேரளப் பக்கத்தில் நிலச் சீர்திருத்தம் வந்து, 1970 ஜனவரி 1-க்குப் பிறகு, குடிகிடப்புக்காரர்களுக்கு (அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு) பஞ்சாயத்தில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5, நகரத்தில் 3 என்று விலைகொடுத்து வாங்கும் உரிமை கிடைத்தது. என் அம்மாவின் அம்மா அப்படிக் கிடைத்த பத்து சென்டில்தான் நாலு பிள்ளைகளை வளர்த்தார். அதற்கு முன்னால் அவரையும் "இறங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குழித்துறை வாய்தா:
உங்கள் பாட்டிக்குக் கிடைத்தது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எல்லைக்கு அப்புறம். இந்த நிலம் விளவங்கோடு தாலுகாவில். 1956 நவம்பர் 1-லிருந்து இது தமிழ்நாடு. இங்கே 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம் விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் ஆனது, 2008-ல் வீட்டை நோக்க வந்தவர்களுக்கு அது உதவாது.

நெல்லிமரத்தடி:
வரி ரசீது 2014 என்கிறார். 2026-ல் பன்னிரண்டு நிறைகிறது. காலவரையறைச் சட்டத்தில் 65-ஆவது இனம், இடத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட உடமஸ்தருக்குப் பன்னிரண்டு வருஷம்தான் கொடுக்கிறது, அது முடிந்தால் உடமஸ்தரின் உரிமையே போய்விடும். 2012-ல் பெரியவர் இறந்ததிலிருந்து எண்ணினால் இப்போதே முடிந்துவிட்டது. 2019-க்குப் பிறகு அவர்களே எதிரிடை அனுபவத்தை, அதாவது உடமஸ்தருக்கு எதிராகவே இத்தனை வருஷம் இடத்தை வைத்திருந்தோம் என்று சொல்லி உரிமை கேட்டு வழக்கும் போடலாம். பத்திரம் மாறினால் கணக்கு முதலிலிருந்து ஓடாது அண்ணாச்சி. விற்கிறவரின் மீதிக் காலம்தான் உங்களுக்கு. இந்த இடத்தைத் தொடாதீர்கள்.

குழித்துறை வாய்தா:
சும்மா நாளை எண்ணினால் எதிரிடை அனுபவம் ஆகிவிடாது. "இது உன்னுடையது அல்ல, என்னுடையது" என்று உடமஸ்தனுக்குத் தெரியும்படி வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும். அனுமதியோடு உள்ளே வந்தவருடைய இருப்பு, பெரியவர் இறந்ததாலேயே எதிரிடையாக மாறாது. காவலுக்கும் வேலைக்கும் வைத்த ஆள் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை வராது என்று 2012-ல் கோவா வீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டு வரி ரசீது உரிமை மூலம் ஆகாது, ஆனால் 2014-ல் மனது மாறியது என்று காட்ட அதை நீட்டுவார்கள். ஆகவே முழு வழக்கும் ஒரே கேள்வியில் நிற்கிறது: பெரியவர் அனுமதி கொடுத்ததற்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா?

இருந்தாலும் செலவைப் பாருங்கள். பத்திரச் செலவு 9 சதவீதம். சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டால் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கோர்ட் ஸ்டாம்ப், அதாவது 42 லட்சத்துக்கு 1.26 லட்சம். தீர்ப்பு வந்தபின் அதை அமல்படுத்த நிறைவேற்று மனு, கோர்ட் ஆளான அமீனா, தடை மனு. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் மனு நாலாவது வருடத்தில் கிடக்கிறது. பத்திரத்தில் "சுவாதீனம் இன்றே ஒப்படைத்தோம்" என்று ரைட்டர் பழக்கத்தில் எழுதிவிடுவார். அதை எழுத விடாதீர்கள். நாளை குறுக்கு விசாரணையில் உங்களைப் பொய்யர் ஆக்குவது அந்த ஒரு வரிதான். துபாய் வாரிசின் பவர் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

கோதையாறு:
ஓட்டைப் பிரிக்கச் சொன்னது தப்புதான், வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா 17.5 லட்சத்துக்கு 42 லட்சம் சொத்து. நாலு வருஷம் காத்திருந்தாலும் லாபம்தானே?

பாறசாலைக்காரி:
தம்பி, அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிலத்தின் விலை குறையவில்லை. அந்தக் குடும்பம் வெளியே போவதற்கு ஆகும் செலவைத்தான் வாரிசுகள் உங்கள் தலையில் கழித்துத் தருகிறார்கள். மேக்காட்டுவிளை அண்ணன், அந்த வீட்டுப் படியேறி நீங்கள் ஒரு தடவையாவது பேசினீர்களா?

மேக்காட்டுவிளை:
இல்லை, புரோக்கர் வேண்டாம் என்றார். நேற்று போனேன்.

அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர், இப்போது மூச்சிழுப்போடு படுத்திருக்கிறார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அதில் கரண்ட் பில்கள், வரி ரசீதுகள், அவற்றுக்கு அடியில் பெரியவர் 2008-ல் திருவனந்தபுரத்திலிருந்து போட்ட ஒரு இன்லண்ட் கடிதம். "வீட்டை நோக்கிக்கொள்ளுங்கள். உங்களை நான் கைவிட மாட்டேன்" என்று எழுதியிருக்கிறது. மூன்று சென்ட் எழுதித் தருவதாக வாயால் சொன்னாராம், அது கடிதத்தில் இல்லை. "இதுதான் எங்க ஆதாரம், நீங்களே பாருங்க" என்று என் கையில் கொடுத்தார்.

குழித்துறை வாய்தா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா ஆதாரமாக வைத்திருக்கும் அதே கடிதம், அனுமதியோடு வந்தார்கள் என்று நிரூபித்து அவர் வழக்கையே தோற்கடித்துவிடும். அவருக்கு அது தெரியவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போட்டோ எடுக்கவில்லை.

நெல்லிமரத்தடி:
எடுத்திருக்க வேண்டும். நாளை அந்தக் கடிதம் காணாமல் போனால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

மேக்காட்டுவிளை:
தெரியும். நம்பிக் கொடுத்த கையிலிருந்து அதை எடுக்க முடியவில்லை.

குழித்துறை வாய்தா:
நானாக இருந்தால் எடுத்திருப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. இரவு படுத்தபின் சரி என்று பட்டது. இப்படிச் செய்து பாருங்கள். வாங்குவதற்கு முன்னாலேயே வாரிசுகளும் அந்தக் குடும்பமும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகட்டும். அங்கே எழுதும் சமரசம் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது, ஒருவர் மீறினால் நேராக நிறைவேற்றலாம். கோர்ட் ஸ்டாம்புச் செலவும் மிச்சம். அது முடிந்து இடம் கைக்கு வந்த பிறகு நீங்கள் பத்திரம் போடுங்கள்.

மேக்காட்டுவிளை:
வாரிசுகளிடம் பேசினேன். கிணற்றுப் பக்கம் 3 சென்டும் நடைபாதையும் அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள், மீதி 11 சென்டுக்கு நான் சென்ட் 2 லட்சம் தருகிறேன் என்றேன். 22 லட்சம், அவர்கள் கேட்டதைவிட நாலரை லட்சம் கூட. எனக்குக் கடன் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. துபாய்க்காரர் சரி என்றார். இளையவர் அக்கா சொல்வதுதான் என்றார். மூத்தவர் முதலில், அப்பா அப்படி வாக்குக் கொடுத்தார் என்று யார் சொன்னது என்று சத்தம் போட்டார். கடிதத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறாராம். அப்பாவின் கையெழுத்தைத் தானே பார்க்க வேண்டும் என்றார்.