ஜெப அனுபவம் ஆரோக்கியமானதா என்று எப்படிப் பகுத்தறிவது?

கேள்வி (ஜெபக்குழு வழிகாட்டி):
ஒரே குழுவில் மூன்று பேர். ஒருவர் ஆராதனையில் தேம்பித் தேம்பி அழுகிறார், பிறகு இயல்பாக வீடு போகிறார். இன்னொருவர் ஒரே பாவத்தைத் தினமும் பலமுறை அறிக்கையிடுகிறார், மன்னிப்பின் நிச்சயம் வரவில்லை என்கிறார். மூன்றாமவர் பல நாள் உபவாசத்தில் இருக்கிறார், தூக்கமும் இல்லை. "கர்த்தர் சொன்னார்" என்று வேலையை விடப்போகிறார். ஆவியை அவித்துப்போடவும் பயம், சும்மா விடவும் பயம். எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

பெரேயன்:
உணர்ச்சியின் வேகத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். கண்ணீர், உடல் நடுக்கம், வசனங்கள் தானாக மனதில் வருவது போன்றவற்றை வைத்து ஓர் அனுபவம் மெய் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது என்று அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1746-இலேயே விளக்கினார். நடைமுறை வாழ்க்கையைத்தான் அவர் தலையாய அடையாளமாக வைத்தார். அதனால் அன்றைக்கே தீர்ப்பு வேண்டாம். சில வாரம் கழித்து அவரோடு வாழ்கிறவர்களிடம் கேளுங்கள்: கோபம் குறைந்திருக்கிறதா? தவறைச் சுட்டினால் தாங்கிக்கொள்கிறாரா? முதலாமவர் இதில் தேறினால் அவரை நிம்மதியாக அழ விடுங்கள்.

"கர்த்தர் சொன்னார்" என்பதற்கு 1 கொரிந்தியர் 14:29 போதும்: தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேச, மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். திருமணம், பணம், வேலை, மருந்து பற்றிய வார்த்தை என்றால் தேதியோடு எழுதி வையுங்கள். அதனால் லாபம் அடையாத இரண்டு மூன்று பேர் ஆராயட்டும். சோதிக்கக் கூடாது என்று தடுப்பவர் எவராக இருந்தாலும் அதுவே அபாய அறிகுறி.

அமைதிவழி:
இரண்டாமவருக்கு இருப்பது விசுவாசக் குறைவு அல்ல என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். இதைப் பாவம் பற்றிய மிகை அச்சம் எனலாம். பெரும்பாலும் இது எண்ண சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதில் சிக்கித் தவித்தார். சந்தேகம் எழும், பதற்றம் ஏறும், அறிக்கையிட்டதும் சற்றே ஆறுதல் வரும், மறுபடி சந்தேகம். அந்த ஆறுதல்தான் சுழற்சிக்குத் தீனி. ஆகவே "மன்னிப்பு உண்டு" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் நோயை வளர்க்கும். இன்னும் அதிகமாக உபவாசம் இரு என்பது அதைவிட மோசம்.

ஒரு பாவத்துக்கு ஒரே அறிக்கை என்று அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். ஜெபத்தில் மனம் சிதறினாலும் முதலிலிருந்து தொடங்கக் கூடாது. மறுபடி கேட்டால், "இதற்கு முன்பே பதில் சொல்லியாயிற்று" என்று அன்போடு நிறுத்துங்கள். பதற்றம் ஏறும், பதில் கொடுக்காமல் இருந்தால் தானாக இறங்கும். பதற்றத்தைத் தூண்டுவதை எதிர்கொண்டு, அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர்க்கப் பழக்கும் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் அனுப்புங்கள். மருந்தும் தேவைப்படலாம், அது வேலை செய்ய 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம். போதகரும் உளவியலாளரும் ஒரே பதிலைச் சொல்வது மிக முக்கியம்.

மருத்துவப் பணி:
மூன்றாமவர்தான் அவசரம். அவர் களைப்போடு விழித்திருக்கிறாரா, அல்லது தூங்காமலே உற்சாகம் பொங்குகிறதா? வேகமான பேச்சு, கட்டுக்கடங்காத செலவு, பெரிய பெரிய திட்டங்கள் சேர்ந்திருந்தால் அது மேனியா என்னும் மிகை உற்சாக மனநோயாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். தூக்கமின்மை மட்டுமேகூட இல்லாத குரலைக் கேட்கச் செய்யும். எலியா முதலில் தூங்கினான், சாப்பிட்டான், மறுபடி தூங்கிச் சாப்பிட்டான். அதன் பிறகுதான் ஓரேபுக்குப் போனான் (1 இராஜாக்கள் 19).

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடவில்லை என்றால் வயிறு நிறையக் கொடுத்து உபவாசத்தை முடிக்காதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் முடிப்பதே சரி. இன்சுலின், வலிப்பு மருந்து, மனநல மருந்தான லித்தியம் எதையும் "விசுவாசத்தில்" நிறுத்த விடாதீர்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் கேட்டால் தனியே விடாமல் அந்த நேரமே அவசர சிகிச்சைக்குக் கூட்டிச்செல்லுங்கள். பிசாசு துரத்துகிறோம் என்று கட்டிவைப்பதும் அடிப்பதும் கொடுமை.

வேலை விஷயத்தில் இஞ்ஞாசியாரின் விதி உதவும்: ஆறுதல் வந்த நேரமும், அதன் சூடு தணியாத அடுத்த நேரமும் வேறு வேறு. இரண்டாவதில் நம் சொந்தத் திட்டங்கள் நுழைந்துவிடும். ராஜினாமாவைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அழைப்பு மெய்யென்றால் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அது நிற்கும்.

சிலுவைநிழல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். எந்த உணர்வும் வராதவரைக் குழுவில் யாரும் கவனிப்பதில்லை. ஜெபம் வறண்டிருக்கிறது, ஆனால் "தேவனை விட்டு விலகிவிட்டேனோ" என்ற ஏக்கம் இருக்கிறது என்றால் அது நோய் அல்ல என்பார் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாவற்றிலும் ஆர்வம் போய் இரண்டு வாரம் தாண்டினால் மனச்சோர்வுக்கான பரிசோதனை தேவை. இரண்டும் சேர்ந்தே வரவும் கூடும், அப்போது ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.