மூணு மாசமா வீடியோ பார்த்தும் பிளவுஸ் வெட்ட வரலை

புதுத்தையல்:
ஆர்ம்ஹோல் (கையை இணைக்கிற வளைவு), டாட் (உடம்பு வடிவத்துக்காகப் பிடிக்கிற மடிப்பு), பட்டி (வெச்சுத் தைக்கிற துணிப்பட்டை) எல்லாம் கனவுலகூட வருது. நேத்து கத்தரியை எடுத்ததும் கை நடுங்கி, 80 சென்டிமீட்டர் துணியை அப்படியே மடிச்சு வெச்சுட்டேன். இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா?

மதுரை அக்கா:
22 வருஷமா மெஷின் மிதிக்கிறேன்மா. இனி வீடியோவே வேண்டாம். செய்தித்தாள்ல வரைஞ்சு வெட்டு, அளவு பிளவுஸை மேல வெச்சுப் பாரு. அப்புறம் கிழிஞ்ச நூல் சேலையில தை. நான் முதல்ல தைச்ச பிளவுஸ்ல ரெண்டுமே இடது கை! கையோட முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஆழமா இருக்கணும், ரெண்டு கையும் எதிரெதிரா வெட்டணும்னு டீச்சர் பத்துத் தடவை சொல்லியிருந்தாங்க. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து தையலைப் பிரிச்சப்பதான் மண்டையில ஏறுச்சு. (அந்த ரெண்டு கையும் கரித்துணியாச்சு.)

நூல்கண்டு:
மெஷினுக்கும் பழகணும். நூல் கோக்காம, கோடு போட்ட நோட்டுத் தாள்ல கோட்டு மேலயே ஊசியை ஓட்டுங்க. காட்டன் லைனிங்கை நனைச்சுக் காயவெச்சு அப்புறம் வெட்டுங்க. இல்லைன்னா முதல் துவைப்புலயே சுருங்கிடும்.

புதுத்தையல்:
அக்கா, வெட்டிட்டேன்! ரெண்டா மடிச்ச பேப்பர்ல கழுத்தோட பாதி அகலம்தான் குறிக்கணும்கிறதை மறந்துட்டேன். கழுத்து தோளைத் தாண்டிப் போயிடுச்சு. பேப்பர்தானே, அடுத்த தாளை எடுத்துட்டேன்.

மதுரை அக்கா:
போட்டோ போடு, சிரிச்சுட்டுச் சொல்றேன்.