பாதியில் நிற்கும் பழைய கார்: தொடர்வதா, விட்டுவிடுவதா?

வணக்கம். 4 ஆண்டுகளாக நான் மீட்டெடுக்க முயன்றுவரும் ஒரு பழைய காரைத் தொடர்ந்து செப்பனிடுவதா, இருக்கும் நிலையிலேயே விற்றுவிடுவதா என்று முடிவெடுக்க இயலாமல், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடி இதை எழுதுகிறேன்.

இன்ஜினைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டரின் அழுத்தம் மட்டும் குறைவாக இருந்தது. அதில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளந்தபோது அழுத்தம் உயர்ந்ததால், பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் தடுக்கும் வளையமான பிஸ்டன் ரிங்கின் தேய்மானமே காரணம் என்று கருதுகிறேன். செலவானாலும் அது எல்லை தெரிந்த வேலை.

என்னைக் கலங்கவைப்பது துருதான். அடிப்பாகத்தில் பூசப்பட்டிருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டியபோது, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் பெட்டி போன்ற பகுதியும், பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடமும் உள்ளிருந்தே அரித்துப்போயிருப்பது தெரிந்தது. தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் பாடியே முழுச் சுமையையும் தாங்கும் அமைப்பு என்பதால், அங்கே பட்டி பூசி மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் சேதம் இன்னும் உள்ளே பரவியிருப்பதைக் காண்பதால், வெல்டர் மொத்தச் செலவைச் சொல்லவே தயங்குகிறார்.

இதுவரை செலவழித்தது திரும்பாது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். இனி ஆகக்கூடிய செலவை மட்டும் வைத்தே முடிவெடுக்க விரும்புகிறேன். இருப்பினும், என் கையால் கழற்றிப் பெயரெழுதி வைத்த பாகங்களைப் பார்க்கும்போது மனம் இளகிவிடுகிறது.

இத்தகைய துருவைச் சரிசெய்தவர்கள், வெட்டுவதற்கு முன்பே சேதத்தின் முழு அளவை எவ்வாறு கணித்தீர்கள்? நல்ல நிலையிலுள்ள வேறொரு பாடியை வாங்கி இந்த இன்ஜினை அதில் பொருத்துவது சரியாக இருக்குமா? பாதியில் கைவிட்டவர்கள் காரை அப்படியே விற்றீர்களா, பாகங்களாகப் பிரித்து விற்றீர்களா என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.